விடை விட்டையான கதை: லேப்டாப்புக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
2 ஜூன் 2025

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த பிப்ரவரி 8-ஆம் தேதி, தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, உங்கள் கடையில் 18,999 ரேண்ட் கொடுத்து ஒரு லேப்டாப் வாங்கினேன். ரசீதின் நகலையும் பழுதுபார்ப்புச் சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். அந்த லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். மே 17-ஆம் தேதி நேரில் வந்து கேட்டதற்கு "முடியாது" என்று உங்கள் சர்வீஸ் பகுதியில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். அதனால் எழுத்தில் வருகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் நீங்கள்தான். பொங்கல் சமயத்தில் எங்கள் தெருவில் நீங்கள் விநியோகித்த நோட்டீஸ் தமிழில் இருந்தது. பதினான்கு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கோயில் அழைப்பிதழ் தவிர தமிழில் ஒரு நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வந்தது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில்தான் உங்கள் கடைக்குள் வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் குறை புரியும். வாரநாட்களில் மொழிபெயர்ப்பு, சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. மீதி நேரத்தில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட், ஸ்டேஞ்சர் பக்கம் போய் வயதானவர்களிடம் பழைய கதைகளைக் கேட்டு எழுதி வைக்கிறேன். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டம் வந்து இறங்கியதிலிருந்து 1911 வரை, இடையில் சில வருடம் தவிர, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்ய வேண்டும். மினிபஸ் டாக்சியில் நாலு பேருக்கு நடுவில் இடிபட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு போகிற ஆள் நான். இதையெல்லாம் உங்கள் விற்பனையாளரிடம் சொல்லித்தான் கேட்டேன். கீபோர்டு நன்றாக இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், ஒரு பகல் முழுக்க சார்ஜ் நிற்க வேண்டும். வீடியோ எடிட்டிங் வேண்டாம், கேம் வேண்டாம். எழுதினால் போதும்.

"ஆன்டி, இது உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு. கையில் இருப்பதே தெரியாது" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்.

முதலில் எடை. நோட்டீஸில் 990 கிராம். வீட்டில் தூக்கிப் பார்த்தபோதே சந்தேகம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனபோது, வழக்கமாக நான் மடும்பி வாங்கும் அம்மாவின் தராசில் (நம்மூர் சேப்பங்கிழங்குக்குத்தான் இங்கே அந்தப் பெயர்) லேப்டாப்பை வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ 190 கிராம். சார்ஜரையும் வைத்தோம். பெட்டியில் வந்த சார்ஜருக்குப் பட்டைப் பின். இந்த ஊர்ச் சுவரிலோ நம்மூரில் கிரைண்டருக்கும் ஏ.சி.க்கும் போடுவோமே, அந்தப் பெரிய மூன்று உருண்டைப் பின்னுக்கான துளை. அதற்கு ஒரு அடாப்டர் தனியாக வாங்கினேன். எல்லாம் சேர்த்து 410 கிராம். ஆக நான் தோளில் சுமப்பது ஒரு கிலோ 600. "இதுக்கு ரெண்டு கிலோ மடும்பி வாங்கியிருக்கலாம்" என்றார் அந்த அம்மா.

பிறகு தயாரிப்பாளரின் விவரத்தாளை உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் சங்கதி புரிந்தது. இந்த வரிசையில் மூன்று வகை இருக்கிறது. 990 கிராம் என்பது தொடுதிரை இல்லாத, சின்ன பேட்டரி போட்ட வகை. 17 மணி நேரம் சார்ஜ் நிற்பது 63 வாட்மணி (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரி போட்ட வகை. எனக்கு நீங்கள் விற்றது தொடுதிரைக் கண்ணாடியின் கனமும் 42 வாட்மணி பேட்டரியும் சேர்ந்த மூன்றாவது வகை. ஒன்றின் எடையையும் இன்னொன்றின் பேட்டரி நேரத்தையும் ஒரே படத்துக்குக் கீழே அச்சடித்து, இரண்டுமே இல்லாத பொருளைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது அண்ணன் படத்தையும் தம்பி சம்பளத்தையும் காட்டிய மாதிரி.

பேட்டரி விஷயத்தில் கணக்கு ரொம்ப எளிது. வைஃபை போட்டு, திரை கண்ணுக்குத் தெரிகிற அளவு வெளிச்சம் வைத்து எழுதினால் இந்த மாதிரி லேப்டாப் ஏழு வாட் அளவில் இழுக்கும். 42-ஐ ஏழால் வகுத்தால் ஆறு மணி நேரம். எனக்குக் கிடைப்பது ஐந்தரை. நோட்டீஸில் சொன்ன 17 மணி நேரம்கூட வைஃபையை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, வீடியோ ஓடவிட்டுப் பார்த்த கணக்கு என்று விவரத்தாளின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. பேட்டரி நேரம் இந்த நாட்டில் ஆடம்பரத்துக்குக் கேட்கும் விஷயமில்லை. 2023-இல் லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) ஆறாம் நிலைக்குப் போனபோது நாம் எல்லோரும் எப்படி இருந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும். 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, சரி. ஆனாலும் சார்ஜ் பத்து சதவீதத்துக்கு வந்தால் வயிற்றில் புளி கரைக்கிற பழக்கம் போகவில்லை.

ரேம் பற்றியும் ஒரு வரி. எட்டு ஜிபி போதாவிட்டால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்றார் உங்கள் ஆள். இதில் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, சாதாரணமாகக் கூட்ட முடியாது. அவ்வளவுதான்.

இது வரைக்கும்கூட நான் சகித்துக்கொண்டிருப்பேன். உண்மையாகவே சொல்கிறேன். என்னால் சகிக்க முடியாதது கீபோர்டு.

மார்ச் கடைசியில் 'ட' விழும் விசை ஒரு தட்டுக்கு இரண்டாக விழ ஆரம்பித்தது. எப்போதும் இல்லை, வேகமாக அடிக்கும்போது மட்டும். நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அடிப்பவள். அதில் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அருமையான ஏற்பாடு, பாதி நேரம் மிச்சம். ஆனால் விசை கெட்டால் அதே ஏற்பாடு காலை வாரிவிடும். பாடம் என்று அடித்தால் பாட்டம். கடை என்றால் கட்டை. பள்ளிக்கூடம், பள்ளிக்கூட்டம். விபரீதம் என்னவென்றால் இவற்றில் பாதிக்கு மேல் நல்ல தமிழ்ச் சொற்கள்தான். பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாது. கண்ணும் ஏமாந்துவிடும்.

என் கண் ஏமாந்தது. சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு தேர்வுத்தாள் தயாரித்து நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். "சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக" என்பதற்குப் பதிலாக "சரியான விட்டையைத் தேர்ந்தெடுத்து எழுதுக" என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஆட்டையும் தெரியாது, அதன் விட்டையையும் தெரியாது. பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி வாங்கிப் படித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுகை வந்தது.

ஏப்ரல் 5-ஆம் தேதி கொண்டுவந்தேன். டெக்னீஷியன் ஒவ்வொரு விசையையும் ஒரு தடவை நிதானமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "கீபோர்டு நல்லா இருக்கு, தமிழ் சாஃப்ட்வேர் கோளாறு" என்றார். தமிழைக் குற்றம் சொன்னால் விடுவேனா? அங்கேயே தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் வேகமாக அடித்துக் காட்டினேன். 'ட' இருக்கும் அதே விசையில்தான் ஆங்கில 'ஓ' இருக்கிறது. 'டு' என்ற இரண்டெழுத்துச் சொல் மூன்றெழுத்தாக விழுந்தது. அதற்கப்புறம்தான் வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் வைத்திருந்தீர்கள். அந்த மூன்று வாரத்துக்குள்தான் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழா. வருடத்தில் அத்தனை ஊர்ப் பெரியவர்களையும் ஒரே இடத்தில் பிடிக்க எனக்கு வேறு நாள் கிடையாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். என் கையெழுத்தை நானே இன்னும் படித்து முடிக்கவில்லை.

ஏப்ரல் 26-ஆம் தேதி திருப்பித் தந்தீர்கள். "கீபோர்டு சுத்தம் செய்யப்பட்டது, மென்பொருள் மீண்டும் நிறுவப்பட்டது" என்று சீட்டில் இருக்கிறது. மே 12-ஆம் தேதி அதே விசை, அதே கோளாறு. கூடவே இப்போது 'க' விசையும். மே 17-ஆம் தேதி மறுபடி வந்தேன். தூசி போயிருக்கிறது, வாரண்டியில் வராது, மேல்பக்கம் முழுவதையும் கழற்றி மாற்ற 6,400 ரேண்ட் ஆகும் என்றார்கள். மெல்லிய லேப்டாப் என்றால் கீபோர்டு இப்படித்தான் இருக்கும் என்று ஒரு சமாதானமும் சொன்னார்கள். 2015-இல் ஆப்பிள் நிறுவனம் பட்டர்ஃபிளை என்று ஒரு மெல்லிய கீபோர்டு கொண்டுவந்தது. அதிலும் தூசி போய் எழுத்து இரட்டையாக விழுந்தது. வாடிக்கையாளர்கள் விடவில்லை. 2018-இல் இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுக்கும் திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அந்த வடிவத்தையே கைவிட்டார்கள். தூசி பட்டால் படுத்துவிடும் கீபோர்டு என்றால் அது அந்தப் பொருளின் குறை. மடியில் வைத்து வெளியூரில் எழுதத்தான் இது என்று சொல்லி விற்றுவிட்டு, வெளியே போனால் தூசி படும் என்று என்னிடம் சொல்லக் கூடாது.

கல்லாவுக்குப் பின்னால் "பெட்டி பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பாது" என்று ஒரு அட்டை தொங்குகிறது. அதைத்தான் என்னிடம் கைகாட்டினார்கள். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அந்த அட்டையால் ரத்து செய்ய முடியாது. பிரிவு 56-இன்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை இருந்தால் கடையின் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணம் தருவதா என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு. ஒரு தடவை பழுதுபார்த்து, மூன்று மாதத்துக்குள் அந்தக் குறை தீராமல் இருந்தால், அதன் பிறகு மாற்றிக் கொடுக்க வேண்டும் அல்லது பணத்தைக் கொடுக்க வேண்டும். மறுபடி பழுதுபார்க்கிறோம் என்று இழுக்க வழியில்லை. ஆறு மாதம் முடிய ஆகஸ்ட் 8 வரை இருக்கிறது. நீங்கள் பழுதுபார்த்துப் பதினாறாவது நாளே குறை திரும்பிவிட்டது. எடை, பேட்டரி விஷயத்துக்குப் பிரிவு 41 இருக்கிறது. தவறான தகவல் சொல்லி விற்பதைப் பற்றியது. உங்கள் நோட்டீஸைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாற்று லேப்டாப் வேண்டாம். அதே வரிசையில் இன்னொன்றைக் கொடுத்தால் அதே கீபோர்டுதான் வரும். 18,999 ரேண்டையும், உங்கள் பட்டைப் பின் காரணமாக நான் வாங்கிய அடாப்டரின் 129 ரேண்டையும் பதினைந்து வேலை நாட்களுக்குள் என் கணக்கில் போடுங்கள். இல்லையென்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவை குறைதீர்ப்பாளரிடம் போவேன். எனக்கு அதில் ஆர்வமில்லை, ஆனால் போவேன்.

இன்னொரு விஷயம், இது புகார் இல்லை. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்புகளில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, விசை எதையும் தட்ட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறீர்கள். எழுதுவதற்காக வாங்க வருகிறவருக்கு ஒரு நாற்காலி போட்டு, கால் மணி நேரம் தட்டச்சு செய்யவிடுங்கள். பக்கத்தில் ஒரு தராசு வைத்தாலும் தப்பில்லை.

லேப்டாப், சார்ஜர், பெட்டி எல்லாம் கீறல் இல்லாமல் இருக்கின்றன. அதிலிருந்த ஒலிப்பதிவுகளையும் கோப்புகளையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன், நீங்கள் அழித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை வகுப்பு ஒரு மணிக்கு முடியும். இரண்டு மணிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரசீதில் பெயர் உள்ள வாடிக்கையாளர்