ஜே.சி. டேனியல் பிறந்த மண்ணுக்கு ஒரு குறும்பட விழா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் வந்தால் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் சிலர் ரயிலேறித் திருவனந்தபுரம் போய்விடுகிறார்கள். 1996இல் தொடங்கி, இப்போது அங்கே நடந்துவரும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் பார்க்கத்தான். முதல் படம் எடுத்தவருக்கென்றே அங்கே 'ரஜத சகோரம்' விருது உண்டு. குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் 2008 முதல் தனி விழாவே நடக்கிறது. நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர்கூட இல்லாத ஊரில் இவ்வளவும் இருக்கும்போது, புதிதாகப் படம் எடுக்கிறவர்களுக்காக ஆண்டு தவறாமல் நடக்கும் ஒரு விழா நமக்கும் வேண்டாமா?

கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' மௌனப்படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் நம் மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். நிலத்தை விற்று, தானே எழுதி, இயக்கி, நடித்து, கடைசியில் எல்லாவற்றையும் இழந்து, 1975இல் அதே ஊரில் இறந்தார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரில் தன் உயரிய திரைப்பட விருதை வழங்கிவருகிறது. சொந்த மாவட்டத்தில் அவர் பெயரில் இளைஞர்களுக்கு ஒரு மேடை அமைந்தால் அதைவிட நல்ல மரியாதை எது?

குளச்சல் பக்கம் ஓர் அரங்கில் கல்லூரி மாணவர் ஒருவரின் குறும்படத்தைப் பார்த்தேன். கரையில் வள்ளத்தைத் தள்ளியபடி தகப்பனும் மகனும் பேசும் காட்சி. செல்போனில் பார்த்தபோது அந்த மாணவருக்குச் சரியாகக் கேட்ட வசனம், அரங்கின் ஒலிபெருக்கியில் அலைச் சத்தத்தில் அமுங்கிப்போனது. "என்ன மக்களே சொல்லுகான்?" என்று முன்வரிசையில் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டார். பின்னால் நின்ற அந்தப் பையன் உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். யூடியூபில் ஆயிரம் பேர் பார்த்தாலும் இந்தப் பாடம் கிடைக்காது. பெரிய திரை, நல்ல ஒலி, முன்பின் தெரியாத பார்வையாளர்கள், படம் முடிந்ததும் அரை மணி நேரப் பேச்சு. விழா தர வேண்டியது முதலில் இதைத்தான். பரிசும் கேடயமும் அப்புறம்.

கதைக்கு இங்கே பஞ்சமே இல்லை. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள், தோவாளைப் பூச்சந்தை, 2017இல் ஒக்கிப் புயலில் சிக்கிய மீனவர்கள் திரும்பாத கடற்கரை வீடுகள். இவற்றை நம் பேச்சிலேயே சொல்ல வெளியூர்க்காரர் வர வேண்டியதில்லை.

செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடத்த அரசால் முடிகிறது. அதே நாட்களில் ஓர் அரங்கை ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம். முதல் அல்லது இரண்டாவது படம் எடுத்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். படம் அனுப்ப நுழைவுக் கட்டணம் கூடாது. வீட்டில் பணம் கேட்கத் தயங்கும் பெண் பிள்ளைகள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பரிசுத் தொகையை அடுத்த படத்தின் செலவுக்கென்று கொடுத்தால் இன்னும் நல்லது.

மாவட்ட ஆட்சியர் கல்லூரிகளையும் திரையரங்கு உரிமையாளர்களையும் ஒருமுறை அழைத்துப் பேசினால் போதும், இந்த ஆண்டே தொடங்கலாம். இந்தக் கோரிக்கையை உங்கள் இதழ் அவர் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.