பத்மநாபபுரம் எந்த மாநிலத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவனந்தபுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்மநாபசுவாமி கோயில், கோவளம், நேப்பியர் மியூசியம் என்று சுற்றி வடக்கே வர்க்கலை வரை போன கட்டுரையாளர், தெற்கே நெய்யாற்றின்கரையோடு திரும்பிவிட்டார். போதாததற்கு, பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத்தில் இருப்பதாக எழுதிவிட்டார். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அரண்மனை இருப்பதோ தக்கலைக்குப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது மண் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, சாவி அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் பத்மநாபபுரம்தான். இன்றும் நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். எல்லையில் போலீஸ் அணிவகுப்பு மரியாதையும் உண்டு.

நான் பணகுடிக்காரன். எங்களுக்குச் சென்னை என்றால் ஓர் இரவு ரயில். திருவனந்தபுரமோ, காலையில் வள்ளியூரில் ரயில் ஏறினால் ராச்சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய ஊர். 'திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் இங்கே ஒருவரும் கோயிலுக்கா என்று கேட்பதில்லை, 'ஆர்.சி.சி.யா, ஸ்ரீசித்திராவா?' என்றுதான் கேட்பார்கள். முன்னது புற்றுநோய்க்கான மருத்துவமனை, பின்னது இதய, நரம்பு நோய்களுக்கானது. என் அண்ணனோடு ஆர்.சி.சி. வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாள்களில், பக்கத்து நாற்காலியில் தென்காசி, எதிரே நாங்குநேரி, மாத்திரை வாங்கும் வரிசையில் கோவில்பட்டி. ஊர்க்கதை பேசியே பொழுதைத் தள்ளினோம். சுற்றுப்புறம் என்றால் இதுவும் சுற்றுப்புறம்தானே? திருவனந்தபுரத்தின் 'சாலை' என்ற கடைத்தெருவிலும் அப்படித்தான்; தமிழிலேயே விலை பேசிச் சரக்கு வாங்கி வரலாம்.

தும்பாவில் 1963-இல் முதல் ராக்கெட் ஏவியதைச் சொன்னவர், அந்த நகரத்தை அடுத்த வலியமலையில் உருவாகும் எஞ்சின்களை எங்கள் மகேந்திரகிரியில்தான் எரித்துச் சோதிக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. 'நீராரும் கடலுடுத்த' பாடிய சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். மனோன்மணீயம் வெளிவந்தது 1891-இல். நெல்லையில் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர். தமிழ் வாசகர்களுக்காக அந்த நகரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அரண்மனை பற்றிய திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
பணகுடி வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்