எங்கள் தொடக்கப் பள்ளிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இந்தக் கல்வியாண்டில் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம். இதை ஆண்டு விழா மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டியது. பிள்ளைகளின் ஆட்டமும் பாட்டும் நீண்டு, மைக் என் கைக்கு வந்தபோது பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார்கள். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் நன்றி சமையல்கூடத்துக்கு. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது, எங்கள் பள்ளிக்கு மகளிர் குழுவிலிருந்து அக்காக்கள் சமைக்க வந்தார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும். எங்கள் அக்காக்கள் பரிமாறும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் கரண்டியை எடுப்பார்கள். "கண்ணு ஏன் செவந்திருக்கு? ராத்திரி தூங்கலையா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலைந்து நாளாகத் தட்டை வாங்கி, ஓரமாகப் போய் அப்படியே வைத்துவிட்டு வந்ததை முதலில் கண்டது அவர்கள்தான். அவன் அம்மா வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார், பையன் பாட்டியிடம் இருக்கிறான். விஷயம் டீச்சர் காதுக்குப் போனது. டீச்சர் வீட்டுக்கே போய்ப் பாட்டியிடம் பேசினார். அப்புறம் தினமும் மதிய இடைவேளையில் தன் போனிலேயே அம்மாவுடன் பேச வைத்தார். இப்போது அவன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

அடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் பற்றிப் பேசிய சகோதரிக்கு. தரையில் சாக்பீஸால் ஒரு பிள்ளையின் உருவம் வரைந்து, யாரும் தொடக் கூடாத இடங்களில் கூழாங்கல் வைக்கச் சொன்னார். இரண்டாம் வகுப்புப் பாப்பா எழுந்து, "ஊசி போடுறப்ப டாக்டர் தொடுவாங்களே?" என்று கேட்டாள். சிரிக்காமல், "அம்மாவோ அப்பாவோ பக்கத்துல இருக்கும்போது தொடலாம்" என்று பதில் சொன்னார். பிறகு விரலுக்கு ஒருவராக, பயந்தால் யாரிடம் போய்ச் சொல்வாய் என்று ஐந்து பேரை எண்ணச் சொன்னார். பல பிள்ளைகளின் விரல்களில் சமையல் அக்கா இருந்தார்! பெற்றோராகிய எங்களில் சிலருக்கு ஐந்து விரலிலும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

"சின்னப் பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் எதுக்கு?" என்று கூட்டத்தில் சண்டை போட்ட அப்பாக்களுக்கும் நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன். அவர்கள் கேட்டதால்தான் அந்தச் சகோதரி பெரியவர்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே குற்றம், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிற வேலையே கூடாது, பிள்ளையின் பெயர் வெளியே வரவும் கூடாது என்று அன்றைக்குத்தான் பலர் தெரிந்துகொண்டோம். சண்டை போட்டவர்களில் ஒருவர்தான் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வருகிறார்.

ஆபத்தில் பிள்ளைகள் கூப்பிடும் 1098 உதவி எண்ணைச் சுவரில் எழுதித் தந்த பெயின்டர் தம்பி கூலி வாங்கவில்லை. நாங்கள் வாசலுக்கு மேலே பெரிதாக எழுதச் சொன்னோம். "அங்க எழுதினா உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, அவள் கண் உயரத்தில் எழுதினார். பிள்ளைகள் அதைப் பத்து, ஒன்பது, எட்டு என்று பாடிக்கொண்டு திரிகிறார்கள்.

தீயணைப்பு நிலையத்தாரை நினைக்காமல் இருக்க முடியாது. கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன 2004 ஜூலை 16 அன்று நான் ஆறாம் வகுப்பு. அன்று சமையலறைத் தீ கூரையில் பற்றியது என்று கேட்டதிலிருந்து, எந்தப் பள்ளிக்குப் போனாலும் அடுப்பு எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். தீயணைப்பு வீரர்கள் வந்து ஈரச் சாக்கைப் போட்டு எரிகிற சிலிண்டரை அணைத்துக் காட்டினார்கள். போகிற போக்கில் ஒரு வகுப்பறைத் தாழ்ப்பாள் இறுகிக் கிடப்பதையும் கண்டுபிடித்தார்கள். மறுநாளே ஆசாரி மாமா வந்து மாற்றிவிட்டார்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசு உத்தரவிட்டது அல்லவா, அப்போது எங்கள் ஓட்டுக் கட்டடமும் போனது. புது வகுப்பறை இந்த ஆண்டுதான் வந்தது. அதுவரை வாடகை பேசாமல் தங்கள் வீட்டுத் திண்ணையையும் முன்கூடத்தையும் விட்டுக்கொடுத்த குடும்பத்துக்கு என்ன சொல்வது? வாய்ப்பாட்டுச் சத்தத்தில் அந்த வீட்டுத் தாத்தா பகல் தூக்கத்தையே மறந்துபோனார்.

சாலையில் வேகத்தடை வேண்டும் என்று திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு அலைந்த இளைஞர் மன்றத் தம்பிகள், அது வரும்வரை மாலையில் பள்ளி விட்டதும் சிவப்புத் துண்டை ஆட்டி மணல் லாரிகளை நிறுத்திய டீக்கடை அண்ணன், காது கேட்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பரிசோதனையில் கண்டுபிடித்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிய பள்ளி சிறார் நலக் குழு மருத்துவர், எல்லாவற்றையும் நோட்டுப் போட்டு எழுதிவைத்து எங்களை விரட்டிக்கொண்டே இருக்கும் தலைமை ஆசிரியை, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கழிவறைக்குப் பின்னால் செப்டிக் டேங்க் மூடியின் ஓரம் பெயர்ந்துவிட்டது. இப்போதைக்குச் சுற்றிலும் முள்வேலி கட்டி, அந்தப் பக்கம் யாரும் போகாமல் ஐந்தாம் வகுப்பு டீச்சர் பார்த்துக்கொள்கிறார். லீவு முடிவதற்குள் புது மூடி போட்டாக வேண்டும். சிமெண்டுக்கு ஆள் ஏற்றுக்கொண்டுவிட்டார், கொத்தனார் மட்டும்தான் தேவை. முடிந்தவர்கள் வரும் முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
நான்காம் வகுப்புப் பிள்ளையின் அம்மா