பாலித் தீவில் தலைமடையும் கடைமடையும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்தியாயிற்று என்று படித்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

"காம்ப்ளெக்சிட்டி சயின்ஸ் வந்துவிட்டது, சமூகத்தையே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம், இனி சமூகவியல்காரர்களுக்கு என்ன வேலை?" என்று சீண்டியிருக்கிறாய். பலரும் ஒருவரையொருவர் பார்த்து நடந்துகொள்ளும்போது மொத்தத்தில் என்ன ஒழுங்கு உருவாகிறது என்று பார்க்கும் துறைதானே அது? சரி, இந்தோனேசியாவின் பாலித் தீவுக் கதையைக் கேள்.

அங்கே பாசனத்தைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகளின் சங்கத்துக்கு சுபக் என்று பெயர். எப்போது தண்ணீர் விடுவது, எப்போது நடுவது எல்லாம் நீர்க்கோயில்களில் கூடி முடிவாகும். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. கோயில் முறையை விடுங்கள், முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்றது அரசு. அப்புறம் என்ன ஆயிற்று என்று தஞ்சாவூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிதான். ஒரு வயல் அறுப்பாகும்போது பக்கத்து வயல் பச்சையாக நின்றால் பூச்சிக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. தண்ணீரும் போதவில்லை.

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் அங்கேயே தங்கி விவசாயிகளோடும் பூசாரிகளோடும் பழகியவர். சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து, இரண்டு ஆறுகளின் 172 சுபக்குகளைக் கணினியில் ஒரு மாடலாக ஏற்றினார். விதி எளிது: அக்கம்பக்கத்தில் யாருக்கு விளைச்சல் அதிகமோ, அவர்கள் நட்ட மாதிரியே அடுத்த வருஷம் நடு. உத்தரவு போட மேலே யாருமில்லை. சில வருஷ ஓட்டத்திலேயே நீர்க்கோயில்களின் ஒழுங்கை ஒத்த ஓர் ஒழுங்கு உருவாகி, விளைச்சலும் ஏறியது. 1993இல் கட்டுரையாக வந்தது.

மேலே முதலில் தண்ணீர் எடுக்கும் தலைமடைக்காரன், கீழே கடைசியில் இருக்கும் கடைமடைக்காரனை ஏன் மதிக்க வேண்டும்? மடை அவன் கையில். ஆனால் கீழே தண்ணீர் இல்லாமல் நடவு தள்ளிப்போனால், அங்கே பெருகும் பூச்சி மேலே ஏறி வரும். பகிர்ந்துகொள்ள வைப்பது அந்தப் பயம்தான். இதை எந்தக் கணினி கண்டுபிடித்தது? வரப்பில் உட்கார்ந்து கேட்டவர்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் 172 சுபக்குகள் ஒன்றையொன்று பார்த்து மாறினால் கடைசியில் என்ன ஆகும் என்பதை வரப்பில் இருந்தபடி யாராலும் கணக்குப் போட முடியாது. அந்த ஒரு விஷயத்தில் உன் கட்சிதான் ஜெயிக்கிறது.

எனக்கு ஒரு குறை. நிலம் யாருக்குச் சொந்தம், யார் குத்தகைக்காரர் என்ற பேச்சே அந்த மாடலில் இல்லை. திரையில் இப்படி உருவானதால் பாலியிலும் இப்படித்தான் உருவாயிற்று என்றும் ஆகாது. அதைக் கல்வெட்டிலும் ஓலையிலும் தேட வேண்டும்.

மாப்பிள்ளை புரோகிராம் எழுதுவார் என்றாயே, குத்தகையையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டு எழுது. பொங்கலுக்கு எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ராமு