மூடிவிட்ட இஷ்யூ: ஒரு தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த எழுத்து எடிட்டரைச் செய்பவர்களுக்கு நீ அனுப்பிய இஷ்யூவை, அதாவது பிழைப் புகாரை, படித்தேன். அந்த எடிட்டரில் ‘கோவில்’ என்று தேடினால் சில வரிகள் கிடைக்கின்றன, சில கண்ணெதிரே இருந்தும் கிடைப்பதில்லை. யாரும் பதில் போடவில்லை. கடைசியில் ஒரு பாட் (தானியங்கி நிரல்) வந்து, நெடுநாளாக அசைவில்லை என்று மூடிவிட்டுப் போயிருக்கிறது. தமிழ் என்றால் இளக்காரம் என்று நீ வருந்தியிருந்தாய். வருத்தம் புரிகிறது. ஆனாலும் விட்டுவிடாதே, இது உண்மையான பக் (மென்பொருள் பிழை).

இளக்காரம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறொரு திட்டத்தில் வரும் இஷ்யூக்களைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையை நானும் செய்கிறேன். தமிழே தெரியாத ஒருவர், ஆபீஸ் முடிந்து வந்து இரவில் உன்னுடையதைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள். இரண்டு ஸ்கிரீன்ஷாட் இருக்கின்றன. எதில் தவறு, எங்கே தவறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? படத்திலிருந்து எழுத்தைக் காப்பி செய்து சோதிக்கவும் வழியில்லை. பிறகு பார்க்கலாம் என்று அடுத்ததற்குப் போயிருப்பார்.

நீ அனுப்பிய கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். சிக்கல் ‘கோ’வில் இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வுக்குப் பின் ஓகாரக் குறி முழுதாக ஒரே எண்ணாக வரலாம்: 3019. அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம்: 3015, 3006. திரையில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். உன் கோப்பில் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பக்கங்கள் இரண்டாவது விதத்தில் இருக்கின்றன. உன் கீபோர்டு தருவது முதல் விதம். எடிட்டர் எண்களை அப்படியே ஒப்பிடுவதால் தவறவிடுகிறது. ‘கொ’, ‘கௌ’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இதைத்தான் நீ எழுத வேண்டும். ‘கோவில்’ என்ற சொல்லை ஒரு வரியில் ஒரு விதமாகவும் அடுத்த வரியில் மற்ற விதமாகவும் வைத்து ஒரு சின்னக் கோப்பு இணைத்துவிடு. எண்களையும் எழுது. இன்னொன்று: பிரெஞ்சில் மேலே கோடு போட்ட எழுத்துகளுக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு, அந்த எடிட்டர் அங்கேயும் தவறவிடுகிறதா என்று பார். தவறவிட்டால் அதையும் சேர்த்துவிடு, தமிழ் தெரியாதவரும் தன் கணினியிலேயே சோதித்துக்கொள்வார். தேடும் சொல்லையும் கோப்பையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்குச் சீராக்கி ஒப்பிடலாம் என்று யோசனை சொல். சுலபமான வேலை என்று மட்டும் எழுதிவிடாதே. சீராக்கும்போது நீளம் மாறும், ஹைலைட் விழும் இடம் தள்ளிப்போகும். அந்தக் கணக்கைப் பார்க்கப்போகிறவர் எடிட்டரைப் பராமரிப்பவர்தான்.

‘ஏதாவது அப்டேட் உண்டா?’ என்று மட்டும் கேட்டு ஒரு கமெண்ட் வேண்டாம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூல மென்பொருளின் விவகாரம் உனக்குத் தெரிந்திருக்கும். தனி ஆளாகப் பராமரித்துவந்தவரை 2022-ல் முன்பின் தெரியாத சிலர் ஏன் தாமதம், ஏன் தாமதம் என்று நெருக்கினார்கள். சம்பளமில்லாத வேலை, மனநிலையும் சரியில்லை என்று அவர் சொல்லியும் விடவில்லை. அந்தச் சமயத்தில் உதவிக்கு வந்து பொறுப்பு வாங்கிக்கொண்ட ஆள்தான் 5.6.0 வெர்ஷனில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) லாகின் கொஞ்சம் மெதுவாகிறதே என்று துருவியதால்தான் அது வெளியே வந்தது. அதைப் படித்ததிலிருந்து எந்த மெயின்டெய்னருக்கு எழுதினாலும் முதல் வரியில் நன்றி சொல்லிவிடுகிறேன். நீயும் சொல், மனதாரச் சொல்.

புது வெர்ஷனிலும் பக் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். பழைய இஷ்யூவில் கமெண்ட் போட முடியாவிட்டால் புதிதாகத் திறந்து, பழைய எண்ணைக் குறிப்பிடு. அப்புறம் எனக்கும் அனுப்பு. என் லினக்ஸிலும் ஓட்டிப் பார்த்து, முடிவைக் கீழே எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்