கார் கவிழ்ந்தால் உடைந்த பாகத்தையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதிகளில் நடக்கும் அமெச்சூர் கார் பந்தயங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். சிறிய கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கவிழ்ந்தால், அதிவேகத்தில் திரும்பியபோது கட்டுப்பாட்டை இழந்தது என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. வேகமாகப் போகத்தானே அங்கே போகிறார்கள்! முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் முறிந்தாலோ, அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் கழன்றாலோ எந்தச் சூரனாலும் அந்தக் காரைத் திருப்ப முடியாது. சக்கரம் மடங்கிப் போகும், ஆக்சில் உருவிக்கொண்டு வரும், ஸ்டீயரிங் வெறுமனே சுற்றும். முதலில் நடந்தது எது என்று யாரும் கேட்பதில்லை. பழி ஓட்டியவன் தலையில் விழுகிறது.

நான் கோவையில் வார்ப்பட ஆலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் இளைஞர்கள் சிலர் உடைந்த பாகங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். "நல்லாத்தான் இருந்தது, திடீரென்று உடைந்துவிட்டது" என்பதுதான் எல்லோரும் சொல்வது. முறிந்த முகத்தைப் பார்த்தால் வேறு கதை தெரியும். ஒரு பக்கம் வழவழப்பாக, மரத்தின் வளையங்களைப் போல வரிவரியாக, சில சமயம் துருவும் ஏறியிருக்கும். மறுபக்கம் சொரசொரப்பாகப் புதிதாக மின்னும். வழவழப்பான பகுதி பல பந்தயங்களாகக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்த விரிசல். அந்தக் கடைசி நொடியில் முறிந்தது மிச்சமிருந்த பகுதி மட்டும். இதில் புதிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. 1842-இல் பாரிசுக்கு அருகே வெர்சாய் ரயில் விபத்தில் எஞ்சின் அச்சு முறிந்து ஏராளமானோர் இறந்த காலத்திலிருந்து உலோகக் களைப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் விசையால் உலோகத்தில் விரிசல் விழுந்து வளர்வதை, ஆராய்ந்து வருகிறார்கள்.

சாலையில் ஓடுவதற்கென்று செய்த காரைப் பந்தயத்தில் விடும்போது கணக்கு மாறிவிடுகிறது. ஒட்டும் தன்மை கூடிய டயர் போட்டால் திருப்பத்தில் வேகம் கூடுகிறது. அந்தக் கூடுதல் விசை முழுவதும் டயரைத் தாண்டி ஆர்முக்கும், அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும், போல்ட்டுக்கும் வந்து சேர்கிறது. சிறிய கார்களின் லோயர் ஆர்ம் பெரும்பாலும் தகட்டை அழுத்தி வெல்டு வைத்துச் செய்தது. வெல்டிங் மூட்டுகளுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுக் கணக்குப்படி, மாறி மாறி வரும் விசை இருமடங்கானால் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடுகிறது. மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி, வண்டி சாய்வதைக் குறைப்பதோடு, லோயர் ஆர்ம் முன்பின் நகராமல் பிடிக்கும் வேலையையும் செய்கிறது. திருப்பத்தின் விசையும் பிரேக்கின் விசையும் அந்த ஒரே கம்பியில் கூடுகின்றன. வீட்டுக்கும் கடைக்கும் போய்வரும் காருக்கு அது சிக்கனமான, நல்ல வடிவமைப்பு. அதே காரைத் தடத்தில் விளிம்புக் கட்டைமேல் ஏற்றி இறக்கினால் அந்தக் கம்பி என்ன செய்யும்?

மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டிப் பலருக்கு இந்த விளையாட்டின் கதவைத் திறந்துவிட்டவர் மறைந்த எஸ். கரிவரதன். செட்டிப்பாளையம் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த வண்டிகளில் எஞ்சின் சாலைக் காருடையது என்றாலும், சட்டமும் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை. இன்று பல இளைஞர்கள் எஞ்சினுக்குச் செலவு செய்துவிட்டு சஸ்பென்ஷனை ஷோரூமில் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

அப்படியே விட்டாலாவது பரவாயில்லை. காயில் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துகிறார்கள். தாழ்ந்ததும் ஆர்மின் சாய்வு மாறி, பால் ஜாயின்ட் தன் அசைவின் எல்லைக்கு அருகிலேயே நிற்கிறது. சிறிய குழியிலும் அதன் தண்டு வளைய ஆரம்பிக்கும். உறுதியாக்குகிறேன் என்று ஆர்மில் பட்டை வைத்து வெல்டு அடிப்பவர்கள் இன்னொரு வகை. முறையறிந்து செய்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பட்டை முடியும் இடத்தில்தான் புதிய விரிசல் பிறக்கிறது. வளைந்து எச்சரித்திருக்க வேண்டிய ஆர்ம் விறைத்து நின்று, அடியை, தான் பொருத்தப்பட்டிருக்கும் சப்ஃபிரேம் என்ற சட்டத்துக்குத் தள்ளிவிடுகிறது. தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ வலிமையைக் காட்டும் முத்திரை உள்ள போல்ட்டைக் கழற்றிவிட்டு, முத்திரையே இல்லாத போல்ட்டை மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பழைய பாகச் சந்தையில் வாங்கும் ஆர்ம் எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி எதில் மோதியது என்று விற்பவருக்கே தெரியாது.

பந்தயத்துக்கு முன் நடக்கும் சோதனையில் ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் கவனமாகப் பார்க்கிறார்கள். பந்தய பெல்ட்டிலும் சீட்டிலும் காலாவதி ஆண்டு அச்சிட்ட லேபிள் இருக்கிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்றால் போகலாம் என்கிறார்கள். ஆட்டிப் பார்த்தால் தேய்மானம் தெரியும், விரிசல் தெரியாது. விரிசலைப் பார்க்க எங்கள் ஆலைகளில் ஒரு சோதனை உண்டு; டி.பி. டெஸ்ட் (டை பெனட்ரன்ட்) என்று சொல்வோம். பாகத்தைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக வெளியே வரும். மூன்று ஸ்பிரே டப்பாக்கள் போதும். வார்ப்படத் தொழிலால் வளர்ந்த இந்த ஊரில் அதைச் செய்யத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமா?

தங்கள் நிருபர்கள் அடுத்த முறை பந்தய அமைப்பாளர்களைச் சந்திக்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுத வேண்டுகிறேன். சாலைக் கார்கள் ஓடும் பிரிவுகளில், லோயர் ஆர்மும் பால் ஜாயின்ட்டும் எப்போது மாட்டப்பட்டவை, எத்தனை பந்தயம் கண்டவை என்ற பதிவேட்டை ஒவ்வொரு காரும் கொண்டுவர வேண்டும் என்று ஏன் விதிக்கக் கூடாது? விபத்துக்குள்ளான காரின் முறிந்த பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் யாராவது எடுத்துவைத்துப் பார்க்கிறார்களா? பதில் எனக்கு மட்டும் தேவைப்படுவதல்ல. இந்தக் கார்களில் பல பந்தயத் தடத்தோடு நிற்பவை அல்ல. ஞாயிறு மாலை பந்தய எண்ணைக் கிழித்துவிட்டு, திங்கட்கிழமை காலை அதே ஆர்மோடு அவிநாசி சாலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வார்ப்படத் தர ஆய்வாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.