ஆகஸ்ட் 22 வரை எதையும் வாங்க வேண்டாம்

ராயபுரம், சென்னை - 13

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 22 அன்று வரும் சென்னை தினத்துக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த ஆண்டு சார்ட் ஒட்டப் போவதில்லை. மூன்று பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்கள் தெருவைப் பற்றியோ ராயபுரத்தில் ஏதாவது ஓர் இடத்தைப் பற்றியோ சின்னதாக ஓர் இணையதளமும், மூன்று நிமிடத்தைத் தாண்டாத ஒரு வீடியோவும் செய்யப் போகிறார்கள். அறிவிப்பு வீட்டுக்கு வந்த மறுநாளே போன்கள் ஆரம்பித்துவிட்டன. "டீச்சர், புது லேப்டாப் வாங்கணுமா?" "எடிட்டிங் கிளாஸ் எங்கே சேர்க்கலாம்?" ஒரு தந்தை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிராஃபிக்ஸ் கார்டு விலையே விசாரித்துவிட்டார்.

எதையும் வாங்காதீர்கள். கிளாஸிலும் சேர்க்க வேண்டாம். முதல் வாரத்து வேலை முழுவதும் நோட்டுப் புத்தகத்தில்தான். உதாரணத்துக்கு, ராயபுரம் ரயில் நிலையத்தை ஒரு குழு எடுத்துக்கொண்டால் அது 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. இன்று அந்த பிளாட்பாரத்தில் யார் இறங்குகிறார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள், வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் எத்தனை மணிக்குக் கடை திறக்கிறார் என்று நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். அது இல்லாமல் கணினி முன்னால் உட்கார்ந்தால் டெம்ப்ளேட்டின் நிறத்தை மாற்றிக்கொண்டே சாயங்காலம் போய்விடும்.

இணையதளத்துக்கு வருகிறேன். லேபில் முதலில் நோட்பேடில் வெறும் எச்டிஎம்எல், அதாவது இணையப் பக்கத்தை அமைக்கும் குறியீடு, எழுதச் சொல்லிக்கொடுப்போம். இது பழைய காலத்து முறை என்று சில பெற்றோர் நினைக்கலாம். டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் ஐரோப்பாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் வைத்த உலகின் முதல் இணையதளத்தை இன்றும் திறந்து பார்க்கலாம். எழுத்தும் லிங்குகளும்தான் இருக்கும், படம்கூடக் கிடையாது. ஒரு தலைப்பு, இரண்டு பத்தி, ஒரு படம், ஒரு லிங்க் இவற்றைக் கையால் எழுதிய பிள்ளைக்கு அப்புறம் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று புரியும்.

தொடக்கத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. வீட்டில் செய்து பார்க்கும்போது பிள்ளை "வரவே மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டால் இவற்றைப் பாருங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுக்காவிட்டால், எச்டிஎம்எல் என்று நாம் வைத்த பெயருக்குப் பின்னால் விண்டோஸ் தானாக ஒரு 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிவிடலாம். அதை வழக்கமாக மறைத்தும் வைத்துவிடும். பக்கம் திறக்கும், ஆனால் எழுதிய குறியீடு அப்படியே எழுத்தாகத் தெரியும். தமிழ் எழுத்து கொசகொசவென்று வந்தால், தலைப்பகுதியில், எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று பிரவுசருக்குச் சொல்லும் யூடிஎஃப்-8 என்ற வரி விட்டுப்போயிருக்கும். அந்த வரி இருந்தும் அப்படியே வந்தால், வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். அதை எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, படத்தின் பெயர். கோப்பின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு, பக்கத்துக்குள் சிறிய எழுத்தில் எழுதினால் வீட்டு விண்டோஸ் கணினியில் படம் நன்றாகவே தெரியும். நெட்டில் ஏற்றியதும் காணாமல் போய்விடும், ஏனென்றால் பெரும்பாலான சர்வர்களுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

குழுவின் இறுதிப் பக்கத்தை கூகுள் சைட்ஸில், பள்ளியின் கணக்கிலிருந்தே செய்வோம். காசு கிடையாது, போனில் பார்த்தாலும் பக்கம் ஒழுங்காக அமையும், யார் பார்க்கலாம் என்று நாமே கட்டுப்படுத்தலாம். ஆர்வம் மிகுந்த பிள்ளைகள் தாங்கள் எழுதிய எச்டிஎம்எல் பக்கத்தையே கிட்ஹப் பேஜஸ் என்ற தளத்தில் இலவசமாக ஏற்றலாம், ஆனால் 13 வயது முடிந்திருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் நல்ல கருவிதான், இந்த வேலைக்குப் பெரியது. சொந்த டொமைன் (இணைய முகவரி), ஹோஸ்டிங் (சர்வரில் வாடகை இடம்) எதுவும் தேவையில்லை. 'இலவச டிரையல்' என்று சொல்லி கார்டு எண்ணோ யுபிஐ ஆட்டோபேயோ கேட்கும் எந்தத் தளத்திலிருந்தும் உடனே வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.

படங்களைச் சுருக்குவதை மட்டும் மறக்க வேண்டாம். போனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும். ஸ்க்வூஷ் என்ற இலவசத் தளத்தில் போட்டு அகலத்தைக் குறைத்தால் சில நூறு கேபிக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

வீடியோ விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. மூத்த பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கிறது. அதில் இணையதள வேலை தாராளமாகச் செய்யலாம். வீடியோ எடிட்டிங் வேண்டாம். ஷாட்கட் அருமையான இலவச மென்பொருள், வாட்டர்மார்க் விழாது. ஆனால் எச்டி வீடியோவுக்கு 8 ஜிபி ரேம் எதிர்பார்க்கும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பைத் தொழில்முறை எடிட்டர்களே பயன்படுத்துகிறார்கள். அதற்கு 16 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. பழைய லேப்டாப்பில் இவற்றை ஏற்றிவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆண்ட்ராய்டு போனில் யூடியூப் கிரியேட் ஆப் போதும், அதுவும் இலவசம். கைன்மாஸ்டர், இன்ஷாட் ஏற்கெனவே தெரியும் என்றால் அதிலேயே செய்யட்டும். மூலையில் லோகோ விழுந்தால் மதிப்பெண் குறையாது. அந்த லோகோவை எடுப்பதற்காக யாரோ மாற்றியமைத்து அனுப்பிய ஆப் கோப்பை, அதாவது 'மாட் ஏபிகே'யை மட்டும் இன்ஸ்டால் செய்ய விடாதீர்கள். அது இருக்கப்போவது உங்கள் வங்கி ஆப் இருக்கும் அதே போனில்.

எடிட்டிங்கைவிட எடுப்பதுதான் முக்கியம், அதிலும் ஒலி. கல்மண்டபம் சாலை ஓரத்தில் நின்று பேட்டி எடுத்தால் ஷேர் ஆட்டோ ஹாரன்தான் பதிவாகும். காசிமேட்டில் காற்று. ஒயர் இயர்போனின் மைக்கைப் பேசுபவரின் சட்டையில் குத்தி, மேலே மெல்லிய கைக்குட்டையைச் சுற்றினால் காற்றின் இரைச்சல் பாதி அடங்கும். போனைப் படுக்கைவாட்டில் பிடிக்கட்டும். வீடியோவின் தரம் 1080பி போதும், 4கே வைத்தால் மெமரி நிரம்புவதுதான் மிச்சம். ஒரு காட்சியை எடுக்கும்போது பத்து நொடியாவது கை அசையாமல் நிற்கட்டும். பிள்ளைகள் போனைத் தண்ணீர்க் குழாய் மாதிரி அங்கும் இங்கும் வீசுகிறார்கள், அப்புறம் வெட்டி ஒட்ட ஒரு துண்டும் தேறுவதில்லை.

நண்பனின் போனிலிருந்து வீடியோவை வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். கணினியில் எடிட் செய்யும் வசதியுள்ள வீடுகளில் இன்னொரு குழப்பம் வரும். ப்ராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது. எந்தத் துண்டு எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால் பள்ளியில் திறக்காது. ஒரே ஃபோல்டரில் எல்லாவற்றையும் வைத்து, முழு ஃபோல்டரையும் கொண்டுவர வேண்டும்.

பின்னணிக்கு சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் தரப்பிலிருந்து தானியங்கி முறையில் உரிமைகோரல் வந்துவிடும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ கானா பாடுவார் என்றால் அவரையே சொந்தமாக ஒன்று பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், என்னைக் கேட்டால் அதுதான் முதல் தேர்வு.

ஒரு விஷயத்தில் பள்ளி விட்டுக்கொடுக்காது. பிள்ளைகளின் முழுப்பெயர், வீட்டுக் கதவு எண், போன் எண், பேட்ஜ் தெரியும் சீருடை எதுவும் வீடியோவிலோ பக்கத்திலோ வரக்கூடாது. போன் கேமராவில் லொக்கேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுக்கட்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம். பேட்டி கொடுக்கும் கடைக்காரர், மீன் விற்கும் அம்மா யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் திறக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா வேலை முடிந்து வந்தால்தான் போன் கையில் கிடைக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அது தெரிந்துதான் குழுவுக்கு ஒரு போன் போதும் என்று வைத்திருக்கிறோம். ஒரு போனும் இல்லாத குழுவுக்குக் கணினி ஆசிரியர் சனிக்கிழமை காலை லேபிலேயே படமெடுத்து எடிட் செய்ய ஏற்பாடு செய்திருக்கிறார். போன் இல்லை என்று வெளியே சொல்லத் தயங்கும் பிள்ளைகள் இருப்பார்கள், நீங்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கையெழுத்திட்ட படிவத்தை ஜூலை 31க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய லேப்டாப்பைக் கொடுத்தனுப்புபவர்கள் தூசி தட்டி, பிள்ளையின் வகுப்பை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, சார்ஜரையும் சேர்த்து அனுப்புங்கள். லேபில் இருக்கும் சார்ஜர்கள் அவற்றுக்குப் பொருந்தாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்